விசேஷத் தட்டில் சாமை

அன்பு மகளுக்கு,

தம்பியின் நிச்சயதார்த்தத்துக்கு வருகிறவர்களுக்குக் கடைப் பலகாரம் வேண்டாம், வீட்டிலேயே கார சீஸ் பிஸ்கட் சுட்டுக் கொடுக்கலாம் என்று எழுதியிருந்தாய். மைதாவில் செய்வதா, கோதுமை மாவில் செய்வதா என்றும் கேட்டிருந்தாய். இரண்டுக்கும் முன்னால் சாமையை எடு என்பதுதான் என் பதில். கொல்லிமலையில் விளைகிற தானியம் என்ற பாசம் எனக்கு உண்டு, மறைக்கவில்லை. ஆனால் பாசத்தை நம்பி விருந்தாளிக்குப் பலகாரம் வைக்க முடியாது. அந்தப் பிஸ்கட்டுக்கு எந்தக் குணம் வேண்டுமோ அது சாமை மாவில் இயல்பாகவே இருக்கிறது. நான் சொல்வதற்கு முதல் காரணம் அதுதான்.

கோதுமை மாவில் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் அதிலுள்ள புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து குளூட்டன் என்கிற இழுவையான வலையாகிவிடும். பரோட்டா மாவை வீசி விரிக்க முடிவதும், பன் உப்பி நிற்பதும் அந்த வலையால்தான். சீஸ் பிஸ்கட்டுக்கு அந்த இழுவை ஆகாது. பல் பட்டதும் அது பொலபொலவென்று உதிர வேண்டும். அதற்காக மைதாவில் செய்கிறவர்கள் என்ன பாடுபடுகிறார்கள் என்று பார். குளிர்ந்த வெண்ணெயை முதலில் மாவில் விரல் நுனியால் தேய்த்து, ஒவ்வொரு துகளுக்கும் கொழுப்புப் பூச்சு ஏற்றித் தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கிறார்கள். தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகத் தெளிக்கிறார்கள். பிசையாமல் கூட்டிப் பிடிக்கிறார்கள். பிறகு மாவை ஆறப்போடுகிறார்கள். பாதி வேலை குளூட்டனை அடக்குவதற்கே போகிறது. சாமையிலும் தினையிலும் கேழ்வரகிலும் அந்தப் புரதம் இல்லவே இல்லை. சிறுதானியத்தில் ரொட்டி சுட்டால் எழும்பாமல் கல்லாகக் கிடக்கிறது என்று குறை சொல்வார்கள், உண்மைதான். ரொட்டியில் குறையாகத் தெரிகிற அதே குணம்தான் பிஸ்கட்டுக்கு வேண்டியது.

முறுக்கும் தட்டையும் இருக்க சீஸ் பிஸ்கட் எதற்கு, நம் வழக்கத்தில் இல்லாததை ஏன் விசேஷத்தில் வைக்க வேண்டும் என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். அவர்கள் செய்கிற முறுக்கையே சாட்சிக்குக் கூப்பிடு. முறுக்கு அரிசி மாவில்தான் மொறுமொறுப்பாகிறது, அரிசியிலும் குளூட்டன் கிடையாது. மாவில் வெண்ணெய் போட்டுப் பிசறிய பிறகுதான் தண்ணீர் விடுகிறார்கள். வெண்ணெய் கூடினால் எண்ணெயில் பிரிந்துபோகும், குறைந்தால் கடிக்க முடியாது என்பது நம் வீட்டுப் பெண்களுக்குக் கைப்பழக்கம். கொழுப்பைக் கொண்டு மாவின் பிடிப்பை இளக்கும் அதே நுட்பம்தான் பிஸ்கட்டிலும் இருக்கிறது. எண்ணெய்ச் சட்டிக்குப் பதில் அடுப்புப் பெட்டி, உளுந்துக்குப் பதில் சீஸ். அதனால் இதை வெளியூர்ப் பண்டம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. முறுக்கை நிறுத்து என்றும் நான் சொல்லவில்லை. இரண்டும் ஒரே தட்டில் இருக்கட்டும்.

இதைவிடக் கனமான கேள்வி உதிர்வதைப் பற்றியது. முழுக்கச் சாமை மாவில் செய்தால் பிஸ்கட் கையில் எடுக்கும்போதே பொடியாகும், அது மெய்தான். வலை அதிகமானால் கெட்டி, வலையே இல்லாவிட்டால் தூள். நடுவழி ஒன்று உண்டு. சாமை மாவு 100 கிராம், கோதுமை மாவு 100 கிராம், வெண்ணெய் 100 கிராம், துருவிய சீஸ் 100 கிராம் எடுத்துக்கொள். குளிர்ந்த தண்ணீர் இரண்டு மூன்று மேசைக்கரண்டி போதும். ஒன்று ஏறக்குறைய 8 கிராம் வீதம் 50 பிஸ்கட் வரும். இதில் பிடிப்பு கோதுமையிலிருந்து மட்டும் வருவதில்லை. சீஸில் உள்ள பால் புரதம் சூட்டில் இளகி, ஆறும்போது இறுகி, மாவைச் சேர்த்துப் பிடிக்கிறது. சர்க்கரை பிஸ்கட்டை விட சீஸ் பிஸ்கட் சாமைக்கு ஒத்துவருவதற்குக் காரணம் அதுதான். எந்தச் சீஸ் என்பதிலும் கவனம் வேண்டும். பீட்சாவுக்குப் போடும் மொசரெல்லா வேண்டாம், அதில் ஈரம் அதிகம், உறைப்பு கிடையாது. நாள்பட்ட செடார் கிடைத்தால் உத்தமம், கொஞ்சம் போட்டாலே மணம் தூக்கும். பதப்படுத்திய கட்டி சீஸ்தான் கிடைக்கிறது என்றால் அதிலும் செய்யலாம். ஆனால் அதில் ஈரம் கூடுதல், உப்பும் தூக்கல். அதனால் தண்ணீரைக் குறை, மாவைக் கூட்டிப் பிடித்து ஒரு துளி வாயில் வைத்துப் பார்க்கும் வரை தனியாக உப்புச் சேர்க்காதே. பெரியவர்களில் விரதம் இருப்பவர்கள் உண்டு. பாலைத் திரிக்கும் நொதி சில நாட்டுச் சீஸ்களில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுப்பது. அதனால் உறையில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. காரத்துக்கு மிளகாய்த்தூள் வேண்டாம். மலையிலேயே விளைகிற மிளகை முழுதாக வாங்கிக் கரகரப்பாக இடித்துப் போடு, சீஸின் கொழுப்புக்கு அதுதான் சரியான எதிர்ச்சுவை.

சாமை மாவு கசக்கிறது, மணல்போல நறநறக்கிறது என்பதையும் கேள்விப்பட்டிருப்பாய். இரண்டு குற்றமும் தானியத்தின் மேல் சுமத்தத் தக்கவை அல்ல. தீட்டாத தானியத்தின் தவிட்டிலும் முளையிலும் எண்ணெய் இருக்கிறது. மாவாக்கியதும் அது காற்றோடு கலந்து சிக்குவாடை அடிக்கத் தொடங்கும். மாதக்கணக்கில் பொட்டலத்தில் கிடந்த மாவில்தான் அந்தக் கசப்பு. சாமை அரிசியாகவே வாங்கி வை. செய்வதற்கு ஓரிரு நாள் முன்பு வெறும் சட்டியில் நிறம் மாறாமல் மணம் வரும் அளவுக்கு வறுத்து, ஆறவிட்டு, நைசாக அரைத்து, மெல்லிய சல்லடையில் சலித்துக்கொள். வறுப்பதால் பச்சை வாசனை போவதோடு, எண்ணெயைக் கெடுக்கிற நொதிகளும் அடங்கும். பிசறிய மாவை அரை மணி நேரம் குளிரில் வைத்தால் சாமைத் துகள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், நறநறப்பு பெரும்பாலும் மறைந்துவிடும்.

இனி இரண்டாவது காரணத்துக்கு வருகிறேன். வளப்பூர் நாடு, அரியூர் நாடு என்று நாடு நாடாகப் பிரிந்த இந்த மலையில் சாமையும் கேழ்வரகும் தினையும் அன்றாடச் சோறாக இருந்தவை. கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, சுருட்டைக் கேழ்வரகு என்று ஒவ்வொன்றிலும் ரகங்கள். அவை குறைந்ததற்குக் காரணம் ருசி அல்ல. சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளிக் கிழங்கு வேண்டியிருந்தது. அது கையில் காசு கொடுத்தது, காடு அதன் பக்கம் போனது. 1981இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவு அந்தத் தொழில் இந்த வட்டாரத்தில் எவ்வளவு பெரிது என்பதற்குச் சாட்சி. ரேஷன் அரிசியும் வீட்டுக்கு வந்தது. இவற்றோடு, வெளியே பேசப்படாத ஒன்றும் உண்டு. சாமையின் உமி கெட்டி. அதை உரலில் போட்டு உலக்கையால் குத்தி எடுப்பது முழுக்கப் பெண்களின் முதுகில் விழுந்த வேலை. அரிசி வந்ததும் அவர்கள் உலக்கையைக் கீழே வைத்ததில் தப்பே கிடையாது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே வேலை செய்தபோது, விதையைச் சேமிப்பதோடு நிற்காமல், உமி நீக்கும் இயந்திரத்தைப் பெண்கள் குழுக்களிடம் கொண்டுவந்ததும், சிறுதானியத்தை மாவாகவும் ரவையாகவும் விற்க வழி தேடியதும் அதனால்தான். சமைக்கிறவளின் உழைப்பு குறையாமல் எந்தத் தானியமும் அடுப்படிக்குத் திரும்பாது.

இயந்திரத்தால் ஆகாத ஒரு காரியம் மிச்சமிருக்கிறது. அது மரியாதை. நெல்லுச் சோறு விருந்துக்கு, சாமைச் சோறு இல்லாத வீட்டுக்கு என்று ஒரு தரவரிசை மனதில் படிந்துவிட்டது. ஐக்கிய நாடுகள் சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தது நல்லதுதான், ஆனால் அந்த வரிசையை அறிவிப்பு மாற்றாது. ஆடிப் பதினெட்டுக்கு வல்வில் ஓரி விழாவுக்கு வருகிற உறவினருக்கு என்ன வைக்கிறோம், நிச்சயத் தட்டில் எது ஏறுகிறது என்பதுதான் மாற்றும். பிள்ளைகள் ஒரு பண்டத்தின் மதிப்பை அது எந்த நாளில் கிடைக்கிறது என்பதை வைத்துத்தான் கற்கிறார்கள். ஐம்பது பிஸ்கட்டில் நூறு கிராம் சாமை போகிறது, இதனால் எந்தக் காட்டில் மரவள்ளியைப் பிடுங்கிச் சாமை விதைக்கப் போகிறார்கள் என்று நீ கேட்டால், விதைக்க மாட்டார்கள் என்றே சொல்வேன். விலையும் விளைச்சலும் தீர்மானிக்கிற காரியம் அது. ஆனால் வாங்க ஆள் வேண்டுமானால் ஆசைப்பட ஆள் வேண்டும். ஆசை கஞ்சியில் தொடங்குவதைவிட விசேஷத் தட்டில் தொடங்குவது எளிது. அந்த அளவுக்கு மட்டுமே இதன் பலனை நான் நம்புகிறேன்.

ஒன்றை மட்டும் செய்யாதே, கண்ணு. சிறுதானியம் போட்டதால் இது உடம்புக்கு நல்லது, சர்க்கரை உள்ளவர்களும் தாராளமாகச் சாப்பிடலாம் என்று யாரிடமும் சொல்லாதே. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு என்பதும், சாமையில் நார்ச்சத்து உண்டு என்பதும் உண்மை. ஆனால் இந்தப் பிஸ்கட்டின் எடையில் பாதி வெண்ணெயும் சீஸும். இது பண்டிகைப் பலகாரம், இரண்டு மூன்று சாப்பிட்டு நிறுத்த வேண்டியது. கோதுமை ஒவ்வாதவர்கள் யாராவது வந்தால் பாதிக் கோதுமை இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடு. பொய்ப் பெருமையோடு தட்டில் ஏறுகிற தானியம் அடுத்த வருடம் நிலைக்காது.

இனி வேலைக்கு வா. மலையின் குளிர் உனக்குப் பெரிய துணை. 1,000 மீட்டருக்கு மேலே செம்மேட்டுக் காலையில் வெண்ணெய் கையில் உருகாது. கீழே நாமக்கல்லில் செய்கிறவர்கள் இதற்காகப் படும் அவஸ்தை உனக்கு இல்லை. அதே மலையின் பனிமூட்டம் எதிரி. வெந்த பிஸ்கட் காற்றின் ஈரத்தை உறிஞ்சி ஒரே பொழுதில் நமத்துவிடும். அதனால் அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் திரட்டி, 170 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம் வேகவிடு. சீஸ் சீக்கிரம் சிவக்கும், அதற்குமேல் சூடு வைத்தால் ஓரம் கருகி நடு வேகாது. பாதி நேரத்தில் தட்டைத் திருப்பி வை. எடுத்தவுடன் மெத்தென்றுதான் இருக்கும், அதைப் பார்த்து மறுபடி உள்ளே வைத்துவிடாதே, ஆறினால்தான் மொறுமொறுக்கும். முழுக்க ஆறிய பிறகே எவர்சில்வர் டப்பாவில் போட்டு இறுக மூடு. மின்சார அடுப்பு இல்லாவிட்டால் கனத்த இரும்புச் சட்டியில் உப்பைப் பரப்பிச் சூடேற்றி, மேலே தாங்கி வைத்து மூடியும் சுடலாம். ஆனால் ஒரு ஈட்டுக்குப் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் வராது, நூறு பேர் விசேஷத்துக்கு அது கட்டுப்படியாகாது. யாரிடமாவது அடுப்பை இரண்டு நாள் இரவல் கேள். மாவை முந்தின நாளே பிசறி, உருளையாக உருட்டி, ஈரம் போகாமல் சுற்றிக் குளிரில் வைத்துவிட்டால் விசேஷத்துக்கு முதல் நாள் வில்லை வில்லையாக வெட்டிச் சுடுவது மட்டும்தான் வேலை. நமத்துப்போனவை இருந்தால் 150 டிகிரியில் ஐந்து நிமிடம் காட்டி எடு. சாமை அரிசியை இந்த வாரமே வாங்கிவிடு. முதலில் பாதி அளவில் ஒரு ஈடு சுட்டுப் பார்த்து, உப்பும் மிளகும் எப்படி இருந்தன என்று எழுது.

அன்புடன்,
பெரியம்மா