காஸ்வே கடற்கரை: எந்த ஊரில் வீடு எடுக்கலாம்?

வட அயர்லாந்தின் ஆன்ட்ரிம் கடற்கரையில் காட்டேஜ் வாடகைக்கு எடுத்து, தாமே சமைத்துச் சாப்பிட்டுத் தங்க நினைப்பவர்கள் ஜன்னலில் கடல் தெரிகிறதா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். அதைவிட முக்கியம் ஊர்.

போர்ட்ரஷ்: கார் ஓட்டாதவர்களுக்கு இதுதான் வசதி. கோல்ரேன் வழியாக ரயில் வருகிறது. ஊரின் இருபுறமும் மணற்கடற்கரை இருப்பதால் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். ஜூலை, ஆகஸ்டில் கூட்டமும் சத்தமும் அதிகம். அமைதி தேடுபவர்களுக்குச் சரிவராது.

புஷ்மில்ஸ்: ஜயன்ட்ஸ் காஸ்வே இங்கிருந்து சுமார் 3 கிலோமீட்டர். ஏறக்குறைய 6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு ஆறி வெடித்து உருவான சுமார் 40,000 கல்தூண்கள், பெரும்பாலும் அறுகோணம். பகலில் சுற்றுலாப் பேருந்துகள் கொண்டுவந்து இறக்கும் கூட்டம் மாலையில் கலைந்துவிடும். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருப்பதால், சாப்பிட்டுவிட்டுக்கூட நிதானமாகப் போய் வரலாம். அலை படும் தூண்கள் கறுத்து வழுக்கும். நல்ல பிடிப்புள்ள காலணி வேண்டும். கடலோரப் பாறைமேல் நிற்கும் டன்லூஸ் கோட்டையும் பக்கம்தான்.

பாலிகாஸில்: ராத்லின் தீவுக்குப் படகு இங்கிருந்துதான். பஃபின் பறவைகளைப் பார்க்க மே முதல் ஜூலை நடுப்பகுதிக்குள் போக வேண்டும். காற்று பலமானால் படகு ரத்தாகும். உள்ளூரிலேயே தங்கினால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். சால்மன் மீனவர்கள் 1755இல் முதன்முதலாகக் கட்டிய கேரிக்-எ-ரீட் கயிற்றுப் பாலமும் அருகில்தான். ஆகஸ்ட் கடைசியில் லாமாஸ் சந்தை கூடும்போது வீடு கிடைப்பது கஷ்டம்.

பணம் கட்டுவதற்கு முன் வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியவை: ஹீட்டர் செலவு வாடகையில் அடங்குமா? படுக்கை விரிப்பு, துண்டு தருவார்களா? மளிகைக்கடை நடக்கும் தூரமா? கோடையில் பல வீடுகளைச் சனி முதல் சனி வரை வாரக்கணக்கில்தான் விடுகிறார்கள். பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் ஞாயிறு பிற்பகல் 1 மணிக்குத் திறந்து 6 மணிக்கு மூடிவிடும். அதனால் சனி இரவுக்கும் ஞாயிறு காலைக்கும் வேண்டியதை வரும் வழியிலேயே வாங்கிவிடுங்கள். பருப்பு, மிளகாய்த்தூளை பெல்ஃபாஸ்ட்டில் வாங்குவது நல்லது.

டப்ளினில் இறங்கி வந்தால் எல்லையில் வழக்கமான சோதனைச்சாவடி கிடையாது. ஆனால் இது பிரிட்டன் மண், செலவு பவுண்டில். இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு பிரிட்டன் விசாவோ, இரு நாடுகளுக்கும் செல்லும் 'பி.ஐ.வி.எஸ்.' குறிப்புள்ள அயர்லாந்து விசாவோ தேவை.

கார் இல்லையென்றால் போர்ட்ரஷ். இரண்டு மூன்று இரவு மட்டும் என்றால் புஷ்மில்ஸ். காரும் கையில் முழு வாரமும் இருந்தால் பாலிகாஸில்: ஒரு நாள் மழையோ காற்றோ கெடுத்தாலும் ஈடுகட்ட இன்னொரு நாள் இருக்கும்.