பத்ருக்குப் போகாதவருக்கும் பங்கு உண்டு

 

ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டு ரமளானில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பத்ருக்குப் புறப்பட்டபோது உஸ்மான் (ரலி) அவர்கள் உடன் செல்லவில்லை. அவர்களுடைய மனைவியும் நபிகளாரின் அருமை மகளுமான ருகையா (ரலி) அவர்கள் நோயுற்றுப் படுத்திருந்தார்கள். கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அதற்காக மதீனாவிலேயே தங்கச் சொன்னவர்கள் நபி (ஸல்) அவர்கள்தாம். தங்கச் சொன்னதோடு, பத்ரில் கலந்துகொண்ட ஒருவருக்குரிய நற்கூலியும், கனீமத் பொருளில் அவருக்குரிய பங்கும் உஸ்மானுக்கு உண்டு என்றும் அறிவித்தார்கள். வெற்றிச் செய்தி மதீனா வந்து சேர்ந்த வேளையில் ருகையா (ரலி) அவர்கள் வஃபாத்தாகியிருந்தார்கள். சொன்னபடி பங்கு வந்தது. பிற்காலத்தில் ஒருவர் உஸ்மான் (ரலி) பத்ருக்கு வரவில்லையே என்று குறை பேசியபோது, இப்னு உமர் (ரலி) அவர்கள் இந்த விவரத்தைச் சொல்லித்தான் அவருடைய வாயை அடைத்தார்கள். புகாரியில் இது பதிவாகியிருக்கிறது.

உஸ்மான் (ரலி) அவர்களின் சிறப்புகளில் ஒன்றாக இதை பயான்களில் கேட்டிருக்கிறோம். நம் மஹல்லாவின் இன்றைய நிலையை வைத்து இதை இன்னொரு முறை படித்துப் பார்க்க வேண்டும். நோயாளியின் அருகில் இருந்தவருக்கு இரண்டு விஷயங்கள் கிடைத்தன. ஒன்று நற்கூலி. அது மறுமைக்கு உரியது. மற்றொன்று பங்கு. அது கையில் எண்ணி வாங்கும் பொருள். உஸ்மான் (ரலி) வசதி படைத்தவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ஏழை என்று இரக்கப்பட்டு அந்தப் பங்கு கொடுக்கப்படவில்லை. அவர் செய்த வேலை, களத்தில் நின்றவர் செய்த வேலையோடு சமமாக எண்ணப்பட்டது. அதனால் கொடுக்கப்பட்டது.

நாம் என்ன செய்கிறோம்? படுக்கையில் விழுந்த மாமியாரை ஆறு வருடமாகப் பார்த்துக்கொள்ளும் ஒரு சகோதரியைப் பார்த்தால், "உனக்கு சுவர்க்கம் நிச்சயம்மா" என்று சொல்கிறோம். நற்கூலியைத் தாராளமாக வழங்கிவிடுகிறோம், அது நம் கையில் இல்லாதது என்பதாலோ என்னவோ! நம் கையில் இருக்கும் பங்கைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை.

இதில் ஒரு மார்க்க விவரத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், சிலருக்குக் கசக்கலாம். பெற்றோரைப் பராமரிப்பது மகன், மகள் மீதான கடமை. மாமனார், மாமியாருக்குப் பணிவிடை செய்வது மருமகள் மீது மார்க்கம் விதித்த கடமை அல்ல. அவர் செய்வது இஹ்சான், அவராக முன்வந்து செய்யும் நன்மை. அதைக் கட்டாயக் கடமை போல வாங்கிக்கொண்டு, அதில் குறை வேறு கண்டுபிடிக்கும் வழக்கம் நம் குடும்பங்களில் இருக்கிறது. கணவர் வெளியூரிலோ வளைகுடாவிலோ இருப்பார். இவர் தனியாக நோயாளியைத் தூக்கி, புரட்டி, கழுவி, ஊட்டி விடுவார். இடையில் பீடித் தட்டையும் மடியில் வைத்துக்கொள்வார். ஆயிரம் பீடி சுற்றுகிறவர் நானூறு சுற்றுவதற்குள் நான்கு முறை எழுந்திருக்க வேண்டும். சுற்றிய அளவுக்குத்தான் கூலி என்பது நம்மூரில் எல்லோருக்கும் தெரியும்.

வெளியே தெரியாத செலவுதான் இத்தகைய வீடுகளைக் கரைக்கிறது. ஆபரேஷன் என்றால் ஊரே திரளும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் இருக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கு வழி உண்டு. ஆனால் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்தபின் தொடங்கும் செலவுக்கு அந்த அட்டையில் இடமில்லை. பெரியவர்களுக்கான டயப்பர் ஒன்று 30 ரூபாய் என்று குறைவாகவே வைத்துக்கொள்வோம். நாளுக்கு மூன்று என்றால் மாதம் 2,700 ரூபாய். சிறுநீர்க் குழாயும் பையும் மாற்ற வேண்டும். படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப் போட பஞ்சு, மருந்து, துணி வேண்டும். டாக்டரிடம் போக வர ஆட்டோ. படி ஏற்றித் தூக்கிவிட இரண்டு ஆட்களுக்கு டீக்காசு. இவற்றில் ஒன்றுகூடப் பெரிய தொகை இல்லை, எல்லாம் மாதாமாதம் திரும்பி வரும் தொகை.

அரசாங்கம் செய்வதையும் சொல்லியாக வேண்டும், தெரியாமல் விட்டுவிடுகிறவர்கள் அதிகம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் மாத்திரை தருகிறார்கள். பிசியோதெரபியும் வலி தணிப்புப் பராமரிப்பும் அதில் அடக்கம். கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகள், மனவளர்ச்சி குன்றியோர், தசைச்சிதைவு, பார்க்கின்சன், முதுகுத்தண்டுவடப் பாதிப்பு உள்ளோர் ஆகியோருக்கு மாதப் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய். 1,500 ஆக இருந்ததை உயர்த்தினார்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சம்பளம் வாங்கியோ வாங்காமலோ பராமரிக்கும் பெற்றோரையும் குடும்பத்தாரையும் பராமரிப்பாளர் என்றே வரையறுக்கிறது. அவர்களுக்கான படி பற்றியும் அதில் பேசப்படுகிறது. பக்கத்து மாநிலமான கேரளாவில் ஆசுவாசகிரணம் என்ற பெயரில், படுத்த படுக்கையான நோயாளியைப் பராமரிப்பவருக்கே மாதம் 600 ரூபாய் என்று ஒரு திட்டம் உண்டு. தொகை சிறியதுதான். ஆனாலும் நோயாளியின் பெயரில் அல்லாமல் பராமரிப்பவர் பெயரில் ஓர் அரசு பணம் ஒதுக்கியதே கவனிக்க வேண்டிய செய்தி.

இத்தகைய வீட்டார் ஏன் நம்மிடம் வந்து கேட்பதில்லை? அல்பகரா அத்தியாயத்தின் 273-வது வசனத்தை ஓதிப் பாருங்கள். அல்லாஹ்வின் பாதையில் கட்டுண்டு, பூமியில் சென்று பொருள் தேட இயலாமல் போனவர்களை அது குறிப்பிடுகிறது. அவர்கள் மானத்தோடு கேட்காமல் இருப்பதால், விவரம் அறியாதவர் அவர்களைச் செல்வந்தர் என்று நினைத்துவிடுவாராம். மஸ்ஜிதுந் நபவியின் திண்ணையில் தங்கியிருந்த ஸுஃப்பா தோழர்களைக் குறித்து இறங்கியது என்று விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். நோயாளியை விட்டு வாசல்படி தாண்ட முடியாத ஒருவரை அந்த வர்ணனையோடு ஒப்பிட்டால் எவ்வளவு பொருந்துகிறது! கேட்கட்டும், கொடுப்போம் என்று காத்திருந்தால் இவர்கள் ஒருநாளும் கேட்கப் போவதில்லை. நாம்தான் அடையாளம் காண வேண்டும்.

இனி பணத்துக்கு வருவோம். பெரிய மனிதர் ஒருவரிடம் ஒரு லட்சம் வாங்கிவிட்டால் வேலை எளிது என்று நம் நிர்வாகக் கூட்டத்திலேயே சிலர் கருத்துச் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெரிய தொகை கொடுப்பவர் கண்ணுக்குத் தெரியும் காரியத்தை விரும்புவார். ஆழ்குழாய்க் கிணறு, ஜனாஸா வண்டி, ஃப்ரீசர் பெட்டி என்றால் பெயர் எழுதிய பலகை நிற்கும். டயப்பரில் யார் பெயரை எழுதுவது? தவிர, படுக்கையில் இருப்பவரின் தேவை ஒரு வருடத்தில் தீர்ந்துவிடும் என்று யாரும் சொல்ல முடியாது. இந்த ஆண்டு கொடுத்தவரின் வியாபாரம் அடுத்த ஆண்டு நொடித்தால் ஆறு வீட்டுக்கும் ஒரே நாளில் நிறுத்த வேண்டி வரும். அமல்களில் அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமானது குறைவாக இருந்தாலும் விடாமல் தொடர்வது என்ற கருத்தில் வரும் நபிமொழி நமக்குத் தெரிந்ததே. அந்தக் கருத்து இந்தச் செலவுக்கென்றே அளந்து வைத்ததுபோல இருக்கிறது.

ஒரு மஹல்லாவில் 300 வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு நாளொன்றுக்கு ஒரு ரூபாய். மாதம் 9,000 ரூபாய் சேரும். ஆறு குடும்பங்களுக்குத் தலா 1,500 கொடுக்கலாம். ஒரு வீட்டின் பங்கு மாதத்துக்கு இரண்டு டீ. முப்பது வீடு கொடுக்காமல் விட்டாலும் 900 ரூபாய்தான் குறையும், யாருடைய உதவியையும் நிறுத்த வேண்டியதில்லை. நம் பாட்டிமார்கள் உலையில் அரிசி போடும்போது ஒரு பிடியை மதரஸாவுக்கென்று தனிப்பானையில் போட்டு வைத்தார்களே, அந்தப் பிடி அரிசிக் கணக்குத்தான் இது.

இது நடக்கும் காரியமா என்று சந்தேகப்படுகிறவர்கள் மலபாரைப் பார்க்கலாம். கோழிக்கோட்டில் 1993-இல் மருத்துவர்கள் சிலர் வலி தணிப்புப் பராமரிப்புக்கு ஒரு சங்கம் தொடங்கினார்கள். மருத்துவமனைக்கு வர முடியாதவர்களே அதிகம் என்று கண்டபின், 2001 வாக்கில் அக்கம்பக்கத்துப் பராமரிப்பு வலையமைப்பு என்ற முறை மலப்புறம் பகுதியில் உருவாயிற்று. ஊர்க்காரர்களே பயிற்சி பெற்றுத் தொண்டர்களாகி, நர்ஸுடன் வீடு வீடாகப் போனார்கள். செலவில் பெரும்பகுதி உள்ளூரில் சிறுகச் சிறுகச் சேர்ந்த பணம். கடை உண்டியல், மாணவர்களின் வசூல் என்று பல வழிகளில் அது வந்தது. எல்லா மதத்தவரும் கொடுத்தார்கள், எல்லா மதத்து நோயாளிக்கும் போயிற்று. 2008-இல் கேரள அரசு இதற்கென ஒரு கொள்கையே வகுத்தது. மக்கள் முந்திக்கொண்டார்கள், அரசு பின்னால் வந்தது.

வசூலிக்கும் பணத்தில் எது எதற்கு ஆகும் என்பதில் தொண்டர்களுக்குத் தெளிவு வேண்டும். ஜக்காத் வேறு, பொது ஸதகா வேறு. தவ்பா அத்தியாயம் 60-வது வசனம் ஜக்காத் பெறத் தகுதியான எட்டு வகையினரை வரையறுத்துவிட்டது. நோயாளியோ பராமரிப்பவரோ ஃபக்கீர், மிஸ்கீன் நிலையில் இருந்தால் ஜக்காத்திலிருந்து அவர் கையில் உரிமையாக்கிக் கொடுக்கலாம். பராமரிக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக, அல்லது அந்த வேலைக்குக் கூலியாக, ஜக்காத்தைக் கொடுக்க முடியாது. காற்று மெத்தை, சக்கர நாற்காலி, சாய்வுக் கட்டில் ஆகியவற்றை வாங்கி இரவல் கொடுத்துத் திரும்பப் பெறுகிறோம் அல்லவா? அவை அறக்கட்டளையின் உடைமையாகவே இருப்பதால் அவற்றையும் ஜக்காத்தில் வாங்கக் கூடாது. பொது ஸதகாவில் வாங்க வேண்டும். ஒரு ரூபாய் உண்டியலின் அருமை இங்கேதான். அதில் சேர்வது ஸதகா என்பதால் மாற்று ஆளுக்குக் கூலியும் கொடுக்கலாம், மெத்தையும் வாங்கலாம், மாற்று மதத்துச் சகோதரரின் வீட்டுக்கும் தயக்கமின்றிக் கொடுக்கலாம்.

வெளிநாட்டிலிருந்து அடிக்கடி வரும் கேள்வி: "உம்மாவின் மருந்துச் செலவை என் ஜக்காத்தில் கழித்துக்கொள்ளலாமா?" கூடாது. பெற்றோரின் செலவு மகன் மீதே கடமை, தன் கடமையை ஜக்காத்தால் தீர்க்க முடியாது. ஆனால் உம்மாவைப் பார்த்துக்கொள்ளும் சகோதரி வறுமையில் இருந்தால், அவருடைய சொந்தத் தேவைக்கு ஜக்காத் கொடுக்கலாம். அதில் தர்மத்தின் நன்மையோடு உறவைச் சேர்த்த நன்மையும் உண்டு. உண்டியலுக்கு அனுப்ப விரும்பும் வெளிநாடுவாழ் சகோதரர்கள், இந்தியக் குடிமக்களாக இருந்தால் தங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகவே அனுப்பவும். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர்களின் பணம் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் வரும், அதை நாம் வாங்க இயலாது. அலுவலகத்தில் மறுத்தால் வருத்தப்பட வேண்டாம்.

புகைப்படம் பற்றி ஒரு வார்த்தை. எலும்பும் தோலுமாகக் கிடக்கும் ஒரு தாயைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் இரண்டு மணி நேரத்தில் பணம் கொட்டும். உண்மைதான். அந்தப் படம் அவர் பேத்தியின் நிக்காஹ் நாளிலும் யாராவது ஒருவர் போனில் இருக்கும். நம் அறக்கட்டளையின் பெயரில் எந்தத் தொண்டரும் நோயாளியையோ வீட்டையோ படம் எடுக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டிருக்கிறோம். கணக்குப் பலகையில் தொகை இருக்கும், எத்தனை வீடு என்று இருக்கும், பெயர் இருக்காது. யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்பவர்களுக்கு மூன்று பேர் கொண்ட குழு பொறுப்புச் சொல்லும். அக்குழுவில் இருவர் பெண்கள். வீட்டின் உள்ளறை வரை போய்ப் பார்க்க ஆண்களால் இயலாது அல்லவா?

பணத்தைவிடப் பல வீடுகளுக்கு முதலில் தேவைப்படுவது இரண்டு மணி நேரம். நோயாளியின் அருகில் வேறொருவர் அமர்ந்தால், பார்த்துக்கொள்பவர் நிதானமாகக் குளிப்பார், வங்கிக்குப் போய் வருவார், கொஞ்சம் கண் அயர்வார். ஒரு சகோதரியிடம் என்ன வேண்டும் என்று எங்கள் பெண் தொண்டர் கேட்டதற்கு, "ஒரு நாளைக்கு என் உம்மா வீட்டுக்குப் போய்ட்டு வரணும்" என்றாராம். அதனால் உண்டியல் பணத்தில் ஒரு பகுதியை மாற்று ஆளுக்கென்று ஒதுக்கியிருக்கிறோம். வருமானம் தேவைப்படும் சகோதரிகளுக்கே அந்த வேலையைக் கொடுத்து, நியாயமான கூலியும் கொடுப்போம்.

இன்ஷா அல்லாஹ் வருகிற மாதம் முதல் தேதியிலிருந்து வீடுதோறும் சிறிய தகர உண்டியல் கொடுக்கப்படும். மாதத்தின் முதல் ஞாயிறன்று பெண் தொண்டர்கள் இருவராக வந்து உங்கள் முன்னிலையில் திறந்து, எண்ணி, ரசீது தருவார்கள். பத்து ரூபாய் இருந்தாலும் ரசீது உண்டு, காலியாக இருந்தால் ஒன்றும் கேட்க மாட்டார்கள். உதவி பெறும் வீடுகளுக்கும் உண்டியல் வைக்கலாமா என்று குழுவில் பேச்சு வந்தது. அந்த வீட்டுச் சகோதரிகளிடமே கேட்டோம். எங்களுக்கும் ஒன்று வேண்டும் என்றார்கள், வைக்கிறோம். உங்கள் தெருவில் இப்படி ஒரு வீடு இருப்பது தெரிந்தால் குழுவில் உள்ள சகோதரிகளிடம் மட்டும் சொல்லுங்கள். ஜும்ஆ முடிந்து வாசலில் நின்று சொல்ல வேண்டாம்.

வஸ்ஸலாம்.
செயலாளர்