சரக்கறிவோம்: கிட்டார் பிக் – வாசிப்புக்கு ஏற்றதைத் தேர்ந்து கொடுப்பது எப்படி?



மளிகைக் கடைக்கும் கிட்டார் பிக்குக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். நம்மில் பலர் மளிகையோடு ஸ்டேஷனரி, பேன்சி சாமான்களுக்கும் ஓர் அலமாரி ஒதுக்கியிருக்கிறோம். பள்ளிக்கூடம், தேவாலயம், இசைப் பயிற்சி வகுப்பு இவற்றின் அருகே கடை வைத்திருப்பவர்களிடம் பிள்ளைகள் வந்து கேட்கும் பொருள்களில் இதுவும் ஒன்று. எடை கிடையாது, இடம் அடைக்காது, வண்டு விழாது. ஆனால் எது யாருக்கு என்று தெரியாமல் வாங்கி மாட்டினால், அட்டையோடு தூசு படிந்து முதல் முடங்கிப் போகும்.

அதைவிடப் பெரிய நஷ்டம் வாங்குபவருக்கு. புதிதாகக் கற்கும் பையனிடம் மிகத் தடித்த பிக்கைக் கொடுத்துவிட்டால், அது கம்பியில் மாட்டும், கை வலிக்கும். "எனக்கு வராது" என்று அவன் முடிவு கட்டிவிடுவான். பெற்றோர் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய கிட்டார் பரண் மேல் ஏறிவிடும். சில ரூபாய்ப் பொருள்தான், ஆனால் விளைவு அவ்வளவு பெரிது.

பொருளின் வரலாறு

பிக் என்பது கம்பியை மீட்டப் பயன்படும் சிறு வில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவே பிடித்து, நுனி மட்டும் சிறிது வெளியே தெரியும்படி வைத்து வாசிப்பார்கள். இது நமக்குப் புதிதல்ல. சித்தாருக்கு விரலில் மாட்டும் கம்பி மிஸ்ராப் உண்டு. சரோட் வாசிப்போர் தேங்காய்ச் சிரட்டையைத் தேய்த்து மெருகேற்றிய வில்லையைப் பயன்படுத்துகிறார்கள்.

மேல்நாட்டில் முன்பு அழுங்காமையின் ஓட்டிலிருந்து பிக் செய்தார்கள். 1922-இல் நியூயார்க்கில் லூயிஜி டி ஆண்ட்ரியா என்பவர் செல்லுலாயிட் தகட்டிலிருந்து வெட்டி விற்கத் தொடங்கினார். இன்று நாம் காணும் வட்டமான முக்கோண வடிவம் அவருடைய நிறுவனத்தின் 351-ஆம் எண் மாதிரி. பிறகு நைலான் வந்தது. 1981-இல் டன்லப் நிறுவனம் ஆமை ஓட்டின் தன்மையை ஒத்த டார்டெக்ஸ் என்ற வகையைக் கொண்டுவந்தது.

முதலில் பார்க்க வேண்டியது கனம்

கனம் மில்லிமீட்டரில் அச்சிடப்பட்டிருக்கும். ஏறத்தாழ 0.60 மி.மீ.க்குக் கீழ் மெல்லியது, 0.60 முதல் 0.80 வரை நடுத்தரம், அதற்கு மேல் தடித்தது, 1.20-ஐத் தாண்டினால் மிகத் தடித்தது. டார்டெக்ஸ் வகையில் நிறமே கனத்தைச் சொல்லும்: சிவப்பு 0.50, ஆரஞ்சு 0.60, மஞ்சள் 0.73, பச்சை 0.88, நீலம் 1.00, ஊதா 1.14. மற்ற நிறுவனங்களின் சரக்குக்கு இந்த நிறக்கணக்கு பொருந்தாது. எண்ணைப் பார்த்தே கொடுக்க வேண்டும்.

மெல்லிய பிக் வளையும். ஆறு கம்பிகளையும் ஒரே வீச்சில் தடவும்போது எங்கும் மாட்டாமல் வழுக்கிச் செல்லும். ஆனால் ஒவ்வொரு கம்பியாக வேகமாக மீட்டினால், வளைந்த பிக் நிமிர்வதற்குள் அடுத்த சுரம் தாமதப்படும். தடித்த பிக் வளையாது; சுரம் சொன்ன நேரத்தில் கனமாக விழும். ஆனால் கையில் லாகவம் இல்லாதவரிடம் அது கம்பியோடு முட்டும். தேர்வின் சூட்சுமம் இவ்வளவுதான்.

எந்த வாசிப்புக்கு எது?

1. பாட்டுக்குத் துணையாக எல்லாக் கம்பிகளையும் தடவி வாசிப்போர்: 0.50 முதல் 0.73 வரை.

2. புதிதாகக் கற்போர்: 0.73 அளவில் நடுத்தரம். தடவவும் தனிக்கம்பி மீட்டவும் இரண்டுக்கும் ஒத்துவரும்.

3. மின்கிட்டாரில் தனிச்சுரமாக மெட்டு வாசிப்போர்: 0.88 முதல் 1.14 வரை, சிலர் அதற்கு மேலும். இவர்களில் பலர் கூர்நுனியுள்ள சிறிய பிக்கை விரும்புவார்கள்.

4. பேஸ் கிட்டார்: பலர் விரலாலேயே வாசிப்பார்கள். பிக் கேட்டால் தடித்த, பெரிய முக்கோணம்.

5. மாண்டலின்: தடித்தது, நுனி சற்று மழுங்கியது.

6. நைலான் கம்பி கட்டிய கிளாசிக்கல் கிட்டார்: விரல் நகத்தால் வாசிப்பது. பிக் வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே அந்த வாடிக்கையாளர் அடுத்த மாத மளிகைக்கும் உங்களிடம் வருவார்.

நுனி கூராக இருந்தால் ஒலி தெளிவாகவும், மழுங்கியிருந்தால் மிருதுவாகவும் வரும்.

பொருளின் தன்மை

செல்லுலாயிட் பளபளப்பானது, ஒலி நன்று, வியர்வையில் வழுக்கும். அது கற்பூரம் கலந்து செய்யப்படுவது, எளிதில் தீப்பற்றும். எனவே தீப்பெட்டி, கற்பூரம், சாமி விளக்கு இவற்றின் அருகில் வைக்கக் கூடாது. நைலான் நன்றாக வளையும். பிடிக்குமிடத்தில் புள்ளி புள்ளியாக மேடு இருக்கும், கை நழுவாது. டெல்ரின் போன்ற சொரசொரப்பான மேற்பரப்புள்ளவை நம் ஊர் வெயிலுக்கு ஏற்றவை, தேய்மானமும் குறைவு.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

கம்பி இரும்பா, நைலானா? பாட்டுக்குத் துணையா, தனிச்சுரமா? கை வியர்க்குமா? பதில் தெளிவாக இல்லையென்றால் மெல்லியது, நடுத்தரம், தடித்தது என்று மூன்றிலும் ஒவ்வொன்று கொடுங்கள். வாசித்துப் பார்த்து எது பிடித்ததோ அதையே மறுமுறை வந்து கேட்பார். பிக் தேயும், தொலையும். ஆகவே மறுவிற்பனை உறுதி. நுனி ஒரு பக்கம் சாய்ந்து தேய்ந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.

கொள்முதலில் கவனம்

கடைக்குப் புதிதாக ஒரு குரோஸ், அதாவது 144 உருப்படி எடுப்பதானால், நடுத்தரம் 72, மெல்லியது 36, தடித்தது 36 என்று பிரித்து எடுக்கலாம் என்பது என் கருத்து. மூன்று மாதம் விற்பனையைக் குறித்துவைத்து, உங்கள் வட்டாரத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள். படம் அச்சடித்த பிக்குகள் பார்வைக்கு அழகு. கனம் குறிப்பிடாதவை என்றால் வாங்காதீர்கள்.

இறக்குமதிச் சரக்கின் பாக்கெட்டில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரான நாடு, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை இருக்க வேண்டும். சில்லறையாகப் பிரித்து விற்றாலும் அந்த உறையைத் தூக்கி எறிய வேண்டாம்.

சட்டம்

"அசல் ஆமை ஓடு" என்று யாராவது கொண்டுவந்தால் எவ்வளவு மலிவானாலும் தொடாதீர்கள். அழுங்காமை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம். அதன் ஓட்டை விற்பதும் வைத்திருப்பதும் சிறைத்தண்டனை வரை கொண்டுபோகும். பழைய சரக்கு என்று சொன்னாலும் வாங்க வேண்டாம். அதே நேரத்தில், பழுப்புப் புள்ளி போட்ட பிளாஸ்டிக் பிக்கையும் "டார்ட்டாய்ஸ் ஷெல்" என்றே வியாபாரத்தில் சொல்வது வழக்கம். அது நிறத்தின் பெயர் மட்டுமே, தவறில்லை. குழப்பம் வராமலிருக்க, பொருள் செல்லுலாயிட்டா, நைலானா என்பதைக் கொள்முதல் பில்லில் எழுதி வாங்குங்கள்.

துவரம்பருப்பில் எத்தனை ரகம் என்று நமக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். கையில் தொட்டு, வளைத்து, எண்ணைப் படித்துப் பழகினால் இந்தச் சின்னஞ்சிறு வில்லையும் ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும். கடைப் பையன்களுக்கும் சொல்லிக் கொடுங்கள். கல்லாவில் நாம் இல்லாத நேரத்திலும் வாடிக்கையாளர் சரியான சரக்கோடு திரும்பட்டும்.