ஒரே கூரையின் கீழ் குற்றமும் வஞ்சமும்

கேள்வி: ஹாதோர்னின் ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ நாவலில் டிம்ஸ்டேலைச் சில்லிங்வொர்த் எப்படிப் பழிவாங்குகிறான்?

பதில்: 1850இல் வெளிவந்த இந்நாவலின் களம் 17ஆம் நூற்றாண்டு பாஸ்டன். முறைதவறிய உறவில் குழந்தை பெற்ற ஹெஸ்டர், மார்பில் சிவப்பு ‘ஏ’ எழுத்துடன் ஊரார் முன் நிற்கிறாள். குழந்தையின் தகப்பனான பாதிரியார் டிம்ஸ்டேல் வாய் திறப்பதில்லை. அவளுடைய கணவன் சில்லிங்வொர்த், பெயரை மாற்றிக்கொண்டு, மருத்துவனாகப் பாதிரியாருடன் ஒரே வீட்டில் தங்குகிறான். ஒரு நண்பகலில் அவர் நாற்காலியில் அயர்ந்து தூங்கும்போது, அங்கியை விலக்கி மார்பைப் பார்த்துவிட்டுக் கூத்தாடுகிறான். அதன்பின் மருந்து கொடுத்துக்கொண்டே மனசாட்சியைக் கிளறிக் கிளறி வதைக்கிறான். மறைத்த குற்றமே அவன் ஆயுதம். ஹெஸ்டர் ஊரார் முன் நின்று 7 ஆண்டுகளுக்குப் பின் டிம்ஸ்டேல் தண்டனை மேடையேறி, ஊரறிய உண்மையைச் சொல்லி உயிர்விட்டதும் அந்த ஆயுதம் பறிபோகிறது. பழியையே பிழைப்பாகக் கொண்ட சில்லிங்வொர்த்தும், ஹெஸ்டரின் மகள் பேர்லுக்குச் சொத்தை எழுதிவைத்துவிட்டு ஓராண்டுக்குள் இறக்கிறான்.