பின்னால் எரிகிற விளக்கு

சைக்கிளின் முன்விளக்கு அணைந்தால் ஓட்டுகிறவருக்கு அந்த நொடியே தெரிந்துவிடும். பின்விளக்கு அணைந்தால் தெரியாது. வீடு போய்ச் சேர்ந்து, ஸ்டாண்டு போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கும்போதுதான் தெரியும். இரவில் சைக்கிள் ஓட்டுவதிலுள்ள சிக்கலே இதுதான். உயிரைக் காக்க வேண்டிய விளக்கு, நம் கண் படாத இடத்தில் இருக்கிறது.

கிண்டி தொழிற்பேட்டையில் இரண்டாம் ஷிப்ட் முடிந்து வேளச்சேரி, பள்ளிக்கரணை வழியாக மேடவாக்கம் திரும்புவது எனக்குப் பல வருடப் பழக்கம். வேளச்சேரி வரை கடை வெளிச்சத்துக்குக் குறைவில்லை. அதைத் தாண்டிச் சதுப்பு நிலத்தை ஒட்டிப் போகும்போது கூட்டம் குறையும், வண்டிகளின் வேகம் கூடும். தண்ணீர் லாரியும் கம்பெனி வேனும் கடைசி டிரிப் அடிக்கிற மாநகரப் பேருந்தும் இடது ஓரத்தை உரசிக்கொண்டே போகும். அந்த வழியில் பழகித் தெரிந்துகொண்டவைதான் இவை.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பின்னால் வரும் கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது, நாம் 15இல் போகிறோம் என்று வையுங்கள். நடுவிலுள்ள தூரம் நொடிக்கு 12.5 மீட்டர் குறைகிறது. ஓட்டுநர் நம்மை 25 மீட்டரில் பார்த்தால் அவர் கையில் இருப்பது இரண்டு நொடி. பார்த்து, இன்னதென்று புரிந்து, பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே அதில் பெரும்பகுதி போய்விடும். 100 மீட்டரில் பார்த்துவிட்டால் எட்டு நொடி கிடைக்கும். பதற்றமில்லாமல் வலப்பக்கம் ஒதுங்கிப் போய்விடுவார். விளக்குக்குக் கொடுக்கும் காசு அந்த ஆறு நொடிக்கான விலை.

பின்னால் ஒன்று போதாது

பின்விளக்கு அணைந்தது நமக்குத் தெரியாது என்பதை மாற்ற முடியாது. ஆகவே ஒன்று அணைந்தாலும் இன்னொன்று எரியும்படி வைத்துக்கொள்வதுதான் வழி. என் சைக்கிளில் பின்னால் இரண்டு சிவப்பு விளக்குகள் உண்டு. ஒன்று சார்ஜ் போடுவது, மற்றது சின்ன பேட்டரி செல் போடுவது. இரண்டையும் ஒரே வகையாக வாங்கி ஒரே நாளில் சார்ஜ் போட்டால், இரண்டும் ஒரே இரவில் கைவிட்டாலும் விடும். லித்தியம் பேட்டரி விளக்கு கடைசிவரை நன்றாக எரிந்துவிட்டுப் பட்டென்று அணையும். செல் போட்ட விளக்கு நாளுக்கு நாள் மங்கி முன்கூட்டியே தகவல் சொல்லிவிடும். குணம் வேறுவேறாக இருப்பதுதான் பாதுகாப்பு.

மாட்டும் இடமும் முக்கியம். பெரும்பாலான விளக்குகளை சீட்டுக்குக் கீழே உள்ள கம்பியில் மாட்டும்படிதான் செய்திருக்கிறார்கள். நம் ஊர் சைக்கிளில் அதற்குப் பின்னால் கேரியர் இருக்கிறது. கேரியரில் சாப்பாட்டுப் பையோ அரிசி மூட்டையோ இருக்கும். மழைக்கோட்டின் பின்பகுதி தொங்கினாலும் விளக்கு மறைந்துவிடும். ஒன்றைக் கேரியரின் கடைசிக் கம்பியில் கட்டிவிடுங்கள், எந்தச் சுமையும் மறைக்காது. இன்னொன்று ஹெல்மெட்டின் பின்புறமோ முதுகுப் பையிலோ உயரத்தில் இருந்தால், நடுவில் ஒரு கார் வந்தாலும் அதற்குப் பின்னால் வரும் லாரிக்காரருக்குத் தெரியும்.

மினுக்குவதா, நின்று எரிவதா?

வழியிலுள்ள டீக்கடையில் ஒருநாள் தண்ணீர் லாரி ஓட்டுகிற ஒருவர், என் சைக்கிளைப் பார்த்துவிட்டு அவராகவே பேச்சுக் கொடுத்தார். "தம்பி, அந்தச் செவப்பு லைட்டு நீங்கதானா? டிக்கு டிக்குன்னு அடிக்குது, கண்ணுல படுது. ஆனா கிட்ட இருக்கா, தூரத்துல இருக்கான்னு புடிபடல. ஒண்ணாச்சும் நின்னு எரியட்டும்." சரிண்ணே என்று அன்றைக்கே மாற்றினேன்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. மினுக்கல் கவனத்தை இழுக்கும். ஆனால் விளக்கு அணைந்திருக்கும் இடைவெளியில் நாம் எங்கே நகர்ந்தோம் என்பது பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. ஜெர்மனியில் சைக்கிள் விளக்கு மினுக்கவே கூடாது என்று சட்டம் இருக்கிறது. நான் இரண்டையும் சேர்த்துக்கொண்டேன். கேரியரில் உள்ளது நின்று எரியும், மேலே உள்ளது மெதுவாக மினுக்கும். முன்விளக்கை மட்டும் இரவில் மினுக்க விடுவதில்லை. எதிரே வருகிறவரின் கண்ணும் கூசும், நமக்கும் பள்ளம் தெரியாது.

செல் இல்லாமல் எரிவது

பேட்டரியே வேண்டாத காவலன் ரிஃப்ளெக்டர். அதற்குள் இருக்கும் சின்னச் சின்ன மூலைகள், வந்த வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். ஹெட்லைட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற ஓட்டுநரின் கண்ணுக்கு அது பளிச்சென்று தெரிவது அதனால்தான். 2017 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வரும் இருசக்கர வாகனங்களில் இன்ஜின் ஓடினாலே ஹெட்லைட் எரிய வேண்டும் என்பது விதி. சாலையில் எரிகிற விளக்குகள் கூடியதால் ரிஃப்ளெக்டருக்கும் வேலை கூடியிருக்கிறது. ஆனால் வெளிச்சம் மேலே படாதவரை அது வெறும் பிளாஸ்டிக். சந்திலிருந்து பக்கவாட்டில் திரும்பும் வண்டியின் ஹெட்லைட், நம்மேல் விழும்போது காலம் கடந்திருக்கும். ஆகவே ரிஃப்ளெக்டர் விளக்குக்குத் துணைதான், அதன் இடத்தைப் பிடிக்காது.

புது சைக்கிள் வாங்கியதும் அழகுக்காகப் பெடலிலும் சக்கரக் கம்பியிலும் உள்ள ரிஃப்ளெக்டர்களைக் கழற்றிப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கழற்றவே கூடாதவை அவை. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் இரவில் கார் ஓட்டச் சொல்லி ஓர் ஆய்வு செய்தார்கள். கறுப்பு உடையில் இருந்த சைக்கிள்காரரை, ஓட்டுநர்கள் நூற்றில் இரண்டு முறைதான் அடையாளம் கண்டார்கள். வெளிச்சத்தைத் திருப்பியனுப்பும் பட்டை வைத்த மேலங்கி போட்டபோது அது 50 ஆனது. அதோடு கணுக்காலிலும் முழங்காலிலும் பட்டை கட்டியதும் 90க்கு ஏறியது. காரணம் எளிது. மேலும் கீழும் போய்வருகிற இரண்டு ஒளிப் பட்டைகளைக் கண்டதும், மிதிக்கிற கால் அது என்று மனித மூளை உடனே கண்டுபிடித்துவிடுகிறது. பேன்ட் செயினில் மாட்டாமல் இருக்கக் கணுக்காலில் எப்படியும் ஒரு பட்டி கட்டுவோம். அதையே ஒளி திருப்பும் பட்டியாக வாங்கிவிட்டால் இரண்டு வேலையும் முடியும்.

அதே ஆய்வில், பளீர் மஞ்சள் நிற மேலங்கி மட்டும் போட்டபோது நூற்றில் 15தான். அந்த நிறம் பகல் வெளிச்சத்தில் இருக்கும் புற ஊதாக் கதிரை வாங்கித்தான் ஜொலிக்கிறது. இரவில் அதற்குத் தீனி இல்லை. வாங்கும்போது நிறத்தைப் பார்க்காதீர்கள், சாம்பல் வண்ணப் பட்டை தைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

முன்விளக்கின் சாய்வு

முன்விளக்கு வாங்கும்போது லூமன் எண்ணைப் பெரிதாகப் போட்டு விற்பார்கள். மலிவு விளக்குகளின் அட்டையில் இருக்கும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். தெருவிளக்கு உள்ள சாலைக்கு 200, இருண்ட சாலைக்கு 400 லூமன் நிஜமாகக் கிடைத்தால் தாராளம். அதைவிட முக்கியம் சாய்வு. சைக்கிளைச் சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நிறுத்தி விளக்கைப் போடுங்கள். வெளிச்சத்தின் நடுப்பொட்டு, விளக்கு இருக்கும் உயரத்துக்கு ஒரு முழம் கீழே விழ வேண்டும். ஹேண்டில்பார் உயரத்திலுள்ள விளக்கு அப்படிச் சாய்ந்திருந்தால், சாலையில் பத்துப் பதினோரு மீட்டரில் தரையைத் தொடும். வேகத்தடையும் மூடியில்லாத மழைநீர் வடிகாலும் தெரியும். எதிரே ராங் சைடில் வருகிற பைக்காரர் கண் கூசி நம்மேலேயே வந்து விழவும் மாட்டார்.

சார்ஜும் மழையும்

பேட்டரி காட்டும் பச்சை, சிவப்புப் புள்ளியை நம்பிச் சார்ஜ் போடுவதை நான் விட்டுவிட்டேன். வாரத்தில் குறித்த இரண்டு நாள், தேவையோ இல்லையோ, செல்போனோடு விளக்கும் சார்ஜில் ஏறும். பேட்டரிக்கு வயதாக ஆக, புதிதில் எரிந்த நேரம் எரியாது. அட்டையில் போட்டிருக்கும் நேரத்தில் பாதியை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாற்றம் இல்லை. வண்டி நிறுத்தும் இடத்தில் திருட்டுக்குப் பயந்து விளக்கைக் கழற்றிப் பையில் போடும்போது இன்னொரு தொல்லை வரும். பைக்குள் பட்டன் அழுந்தி, ஷிப்ட் முழுக்க எரிந்து தீர்ந்துவிடும். பட்டனை அழுத்திப் பிடித்தால்தான் எரியும் வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் வேளச்சேரிப் பக்கம் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு, விளக்கு எவ்வளவு நீரைத் தாங்கும் என்று சொல்லும் ஐபிஎக்ஸ் எண்களும் தெரிந்திருக்க வேண்டும். 4 என்றால் எந்தப் பக்கமிருந்து தெறிக்கும் நீரையும் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் கிடந்தாலும் தாங்கும். சார்ஜ் போடும் துளையின் ரப்பர் மூடி தளர்ந்துவிட்டால் இந்த எண்கள் எதுவும் செல்லாது. மழையில் பின்சக்கரம் வாரியடிக்கும் சேறு பின்விளக்கின் கண்ணாடியில் படிந்து பாதி வெளிச்சத்தைத் தின்றுவிடும். சட்டைப் பையில் ஒரு துணித் துண்டு இருக்கட்டும்.

டைனமோவை மறக்க வேண்டாம்

என் அப்பா காலத்தில் இரவில் விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் நிறுத்தி வால்டியூப்பைப் பிடுங்கிவிடுவாராம். டயரில் உரசி ஓடும் அந்தப் பழைய டைனமோ 6 வோல்ட், 3 வாட். முன்னுக்கு 2.4, பின்னுக்கு 0.6 என்று பிரித்துக்கொள்ளும். மிதிக்கக் கனக்கும், மழையில் வழுக்கும், சிக்னலில் நின்றால் அணையும். ஆனால் சார்ஜ் போட மறந்தேன் என்ற பேச்சே கிடையாது. ஜெர்மனியில் 2013 வரை டைனமோவைத்தான் கட்டாயமாக வைத்திருந்தார்கள். இன்றைய டைனமோ முன்சக்கர அச்சுக்குள்ளேயே அமர்ந்துவிட்டது, அதோடு வரும் நல்ல எல்இடி விளக்குகள் நின்றபிறகும் சில நிமிடம் எரியும். விலை அதிகம்தான். தினமும் இரவில் போகிறவர்கள் யோசிக்கலாம்.

கிளம்பும் முன், வழியிலும்

சைக்கிளை எடுத்ததும் பின்னால் போய் நின்று இரண்டு விளக்கையும் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ஏறுவேன். வழியில் சிக்னலில் நிற்கும்போது இடது கையை விளக்குக்குப் பின்னால் நீட்டினால், உள்ளங்கையில் சிவப்பு விழுகிறதா என்று தெரிந்துவிடும். சாலையின் ஓரத்தில் ஒடுங்கி ஓட்டாமல், ஓரத்திலிருந்து இரண்டு மூன்றடி உள்ளே நேர்கோட்டில் போங்கள். நிறுத்தி வைத்த வண்டிகளுக்கிடையே புகுந்து புகுந்து வெளிவந்தால் எத்தனை விளக்கு இருந்தும் ஒவ்வொரு முறையும் காணாமல்போய்த்தான் திரும்ப வருவோம்.

கையில் பணம் கொஞ்சம்தான் என்றால் வாங்கும் வரிசை இது. முதலில் நின்று எரியும் ஒரு பின்விளக்கு, அடுத்து கணுக்கால் பட்டை இரண்டு, மூன்றாவது இன்னொரு பின்விளக்கு. முன்னுக்கு அதுவரை மலிவான ஒரு சின்ன வெள்ளை விளக்கு போதும், மெதுவாகப் போகலாம். கடையில் நிற்கும்போது பளீரென்ற ஹெட்லைட்டின் மேல்தான் கண் போகும். அதை அடுத்த மாதச் சம்பளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.