ஆபரேட்டர் உங்களுக்கு போன் போடக் கூடாது

2024 பிப்ரவரி 28. குலசேகரப்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்துக்குப் பிரதமர் தூத்துக்குடியில் அடிக்கல் நாட்டிய நாள். அன்று நாளிதழ்களில் வந்த ஒரு விளம்பரத்தில் ராக்கெட்டின் மேல் சீனக் கொடி! நாடே பேசியது. விளம்பரம் கொடுத்த அமைச்சர் அனிதா ராதாகிருஷ்ணன் தந்த விளக்கம்: அது டிசைன் செய்தவர்களின் தவறு. டிசைனர் வேலைக்கு வரும் தம்பி தங்கைகள் அந்த விளக்கத்தை மறக்க வேண்டாம். எத்தனை பேர் ஓகே சொல்லியிருந்தாலும் பிழை வெளியே தெரிந்ததும் எல்லா விரலும் உங்களைத்தான் காட்டும்.

அதுவாவது ஒரு நாள் பேப்பர். ஃப்ளெக்ஸில் வரும் பிழை பத்து நாள் ரோட்டோரம் நிற்கும்.

ஃப்ளெக்ஸ் கடை முதலாளி இன்டர்வியூவில் உங்கள் போர்ட்ஃபோலியோவைப் புரட்டுவார். வேலையில் சேர்ந்த பிறகு அவர் பார்ப்பது ஒன்றுதான்: உங்கள் ஃபைல் போனால் பிரின்டிங் மெஷின் ஆபரேட்டர் சந்தேகம் கேட்டு போன் போடுகிறாரா, இல்லை நேராக பிரின்ட் கொடுக்கிறாரா? இன்க்ரிமென்ட், ஃபைல் நேராக பிரின்ட்டுக்குப் போகிற ஆளுக்குத்தான். அந்த ஆளாக இந்த ஐந்தையும் கவனியுங்கள்.

1. சைஸ். “20க்கு 10” என்று கஸ்டமர் சொன்னால் எது அகலம், எது உயரம் என்று உடனே கேளுங்கள். எங்கே கட்டப் போகிறார்கள், எத்தனை அடி தள்ளி நின்று பார்ப்பார்கள் என்பதையும் கேளுங்கள். பத்தடி தூரத்துக்கு ஓர் இன்ச் எழுத்து என்ற கணக்கு பெரும்பாலும் கைவிடாது. துறைமுக ரோட்டில் லாரி ஓட்டிக்கொண்டே படிக்க வேண்டிய போர்டு என்றால் இன்னும் பெரிதாக்குங்கள்.

2. ரெசல்யூஷன். விசிட்டிங் கார்டு பழக்கத்தில் எதற்கும் 300 டிபிஐ வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். 20 அடிக்கு அது 72,000 பிக்சல். ஜேபெக் ஃபைலோ ஒரு பக்கத்துக்கு 65,535-க்கு மேல் தாங்காது. தூரத்திலிருந்து பார்க்கும் பேனருக்கு 72 போதும். 17,280-க்கு 8,640 பிக்சல், சிஸ்டமும் மூச்சு விடும். இல்லஸ்ட்ரேட்டரின் வழக்கமான ஆர்ட்போர்டு 227 இன்ச்சோடு நின்றுவிடும், 19 அடிகூடத் தேறாது. பத்தில் ஒரு பங்கு அளவில் வேலை செய்யுங்கள். ஆனால் அப்போது 72-ஐ 720 ஆக்க வேண்டும். புதியவர்கள் சறுக்கும் இடம் இது.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வரும் போட்டோவின் நீளப் பக்கம் சுமார் 1,600 பிக்சல். அதைப் பத்தடிக்கு இழுத்தால் 13 டிபிஐ. மணமகன் முகம் மொசைக் தரை மாதிரி இருக்கும். “டாக்குமென்ட்டாக அனுப்புங்கண்ணே” என்று கேட்டு வாங்கக் கூச்சப்படாதீர்கள்.

3. கலர். இதில் நானே அடிபட்டிருக்கிறேன். ஒரு நிறுவனத்தின் ஆண்டு விழா பேக்டிராப்புக்கு மானிட்டரில் பளீரென்ற கடல் நீலம் வைத்தேன். பிரின்ட்டில் வந்தது கத்திரிப்பூ கலர். ரோல் செலவு என் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. ஆர்ஜிபி-யில் செய்துவிட்டுக் கடைசி நிமிடம் சிஎம்ஒய்கே-வுக்கு மாற்றியதால் வந்த வினை. சயான் 100 என்றால் மெஜன்டா 65-ஐத் தாண்ட வேண்டாம். பெரிய கறுப்புப் பரப்புக்கு வெறும் கே 100 வெளிறித் தெரியும். அதோடு சயான் 60, மெஜன்டா 40, மஞ்சள் 40 சேர்த்துப் பாருங்கள். அதற்கு மேல் இங்க் ஏற்றினால் காயாமல் சுருட்டும்போது ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு குணம் உண்டு. லோகோ கலரில் கறாரான ஷிப்பிங் கம்பெனி வேலை என்றால் ஒரு சதுர அடி டெஸ்ட் பிரின்ட் எடுக்காமல் முழு ஃபைலைக் கொடுக்காதீர்கள்.

4. தமிழ் எழுத்து. உங்கள் சிஸ்டத்தில் இருக்கும் ஃபான்ட் அச்சகத்தில் இருக்காது. கோரலில் கண்ட்ரோல் க்யூ தட்டிக் கர்வ் ஆக்கிவிட்டு அனுப்புங்கள். ஆனால் கர்வ் ஆக்காத காப்பி ஒன்று தனியே இருக்கட்டும். இரவு பதினொரு மணிக்கு வரும் கண்ணீர் அஞ்சலி ஆர்டரில்தான் அது தேவைப்படும். இனிஷியல் மாறியிருக்கும், அல்லது பெரியப்பா பெயர் சித்தப்பாவுக்குக் கீழே போயிருக்கும். பின்னது எழுத்துப் பிழையைவிடப் பெரிய பிழை. “தூத்துக்குடி”யில் “க்” இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், விட்டவர்கள் உண்டு.

5. ஓரம். தூத்துக்குடி பனிமய மாதா திருவிழா ஜூலை 26 கொடியேற்றத்தில் தொடங்கி ஆகஸ்ட் 5 வரை. அதாவது நல்ல ஆடிக்காற்று நேரம். ஃப்ரேமில் மடித்து அடிக்கவும் ஐலெட் போடவும் நாலு பக்கமும் மூன்று நான்கு இன்ச் விடுங்கள். அங்கே பெயரோ முகமோ வரக் கூடாது. உபயதாரர் தலையில் ஆணி இறங்கினால் அடுத்த வருட ஆர்டர் எதிர்க்கடைக்கு.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 100 மைக்ரானுக்குக் குறைவான பிவிசி பேனருக்கு 2022 ஜூலை 1 முதல் தடை. தேர்தல் போஸ்டரில் அச்சிட்டவர், வெளியிடுபவர் பெயரும் முகவரியும் கட்டாயம். இடம் ஒதுக்காமல் டிசைன் செய்தால் கடைசியில் தலைவர் படத்தின் மேல்தான் ஒட்ட வேண்டிவரும்.

ஃபைல் பெயரிலேயே அளவு, மெட்டீரியல், தேதி மூன்றும் இருக்கட்டும். “ஃபைனல் நியூ 2” என்று யாரும் அனுப்பாதீர்கள். கஸ்டமர் “ஓகே” போட்ட மெசேஜையும் அந்த ஜேபெக்கையும் அழிக்காமல் வையுங்கள். திருவிழா முடிந்து, “நான் இப்படிச் சொல்லவே இல்லையே” என்று பில்லில் குறைக்க வருவார்கள்.