தைராய்டு மாத்திரையும் வயிற்றுக் கோளாறும்: நோன்பாளிகள் கவனத்திற்கு

குறிஞ்சிப்பாடி, பரங்கிப்பேட்டை, லால்பேட்டை என்று நம் கடலூர் மாவட்டத்து ஊர்களில் தைராய்டு மாத்திரை இன்று புதிய பொருளல்ல. அதைச் சாப்பிடுபவர்களில் பெண்களே அதிகம். டாக்டர் மாத்திரையின் அளவை மாற்றியிருக்கும் வேளையில் ரமளானும் வந்துவிட்டால், வயிறு உப்புகிறது, நெஞ்சு எரிகிறது, மலம் இறுகுகிறது என்று சொல்லிச் சிலர் மாத்திரையையே நிறுத்திவிடுகிறார்கள். இது சரிதானா? விளங்கிக்கொள்வோம்.

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்வோம். முற்காலத்தில் ஆடு, பன்றி ஆகியவற்றின் தைராய்டு சுரப்பியைக் காயவைத்துப் பொடியாக்கி மருந்தாகக் கொடுத்தார்கள். 1927-இல் பிரிட்டனில் ஹாரிங்டன், பார்கர் என்ற இரு விஞ்ஞானிகள் தைராக்ஸினைச் செயற்கையாகவே தயாரித்துக் காட்டினார்கள். இன்று நம் நாட்டு மருந்துக் கடைகளில் பொதுவாகக் கிடைக்கும் லீவோதைராக்ஸின் அவ்வாறு செயற்கையாகச் செய்யப்படுவதே.

இனி வயிற்றுக்கு வருவோம். தைராய்டு சுரப்பு குறைந்தால் குடலின் இயக்கம் மந்தமாகும். மலச்சிக்கலும் உப்புசமும் வரும். மாத்திரையின் அளவு மிகுந்தால் பேதி, படபடப்பு, கைநடுக்கம் உண்டாகலாம். ஆனால் வயிற்றை மட்டும் வைத்து மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. அளவு மாறிய பின் 6 முதல் 8 வாரம் கழித்து எடுக்கும் டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனையே உண்மையைச் சொல்லும். எனவே ரஜப் மாதத் தொடக்கத்திலேயே டாக்டரைப் பார்த்துவிடுவது நல்லது. அளவு மாறினாலும் ரமளானுக்குள் மறு பரிசோதனை முடிந்துவிடும்.

இந்த மாத்திரை வெறும் வயிற்றில் தண்ணீருடன் மட்டுமே செல்ல வேண்டும். பஜ்ருக்குப் பின் அதை விழுங்கினால் நோன்பு முறிந்துவிடும். ஆகவே இரவு நேரத்தைத்தான் ஒழுங்கு செய்துகொள்ள வேண்டும். ஸஹர் 5 மணிக்கு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். 4 மணிக்கு எழுந்து மாத்திரை போட்டு, அரை மணி நேரம் கழித்து உணவு உண்ணலாம். தூக்கம் கலைவது சிரமமானால், படுக்கும்போது போடலாம்; ஆனால் கடைசியாக உண்டு 3 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். தராவீஹ் முடிந்து வந்து சாப்பிடும் வழக்கமுள்ள வீட்டுக்கு இது ஒத்துவராது. எந்த நேரமானாலும் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்து, மாதம் முழுவதும் அதையே கடைப்பிடியுங்கள்.

நெஞ்செரிச்சலுக்கென்று ஜெலுசில் போன்ற மருந்தை உடனே குடித்துவிடுவது பலரின் வழக்கம். அது தைராய்டு மாத்திரை உடலில் சேராமல் தடுக்கும். சுண்ணாம்புச் சத்து மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை ஆகியவையும் அப்படியே. இவற்றுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். இசப்கோலையும் தள்ளியே சாப்பிடுங்கள். ஓமிப்ரசோல் போன்ற மாத்திரையை நாள்தோறும் சாப்பிடுபவர் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். சில தைராய்டு மாத்திரைகளில் பால் சர்க்கரை சேர்க்கப்படுகிறது. பால் ஒத்துக்கொள்ளாதவர் அதையும் கேட்டறியலாம்.

வயிற்றுத் தொல்லை எல்லாவற்றுக்கும் மாத்திரையே காரணம் என்றும் எண்ண வேண்டாம். நோன்பு திறந்ததும் வடையும் சமோசாவும் நிறைய உண்டு, தண்ணீரை மறந்து, ஸஹர் உண்டவுடன் படுத்துவிட்டால் யாருக்கும் நெஞ்சு எரியும். பேரீச்சம்பழம், தண்ணீர், அளவான நோன்புக் கஞ்சி, காய்கறி, இரவில் சிறுகச் சிறுகத் தண்ணீர் - இவை மலச்சிக்கலுக்கும் நல்லவை.

ஒரு நாள் மாத்திரை தவறிவிட்டதென்று அஞ்சி நோன்பை முறிக்க வேண்டியதில்லை. இம்மருந்தின் பாதி அளவு உடலிலிருந்து நீங்கவே ஏறக்குறைய 7 நாட்களாகும். ஆனால் மாதம் முழுவதும் நிறுத்துவது தீங்கு. கருவுற்ற பெண்கள் அறவே நிறுத்தக் கூடாது. தாயின் தைராய்டுச் சுரப்பைக் கொண்டே குழந்தையின் மூளை வளரத் தொடங்குகிறது.

கடும் பேதி, விடாத படபடப்பு, நெஞ்சுவலி இருந்தால் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நோன்பு கேடு தரும் என்று நம்பிக்கைக்குரிய டாக்டர் சொன்னால் விட்டுவிட்டு, குணமான பின் களாச் செய்யலாம். அல்பகரா அத்தியாயத்தின் 184, 185-ஆம் வசனங்கள் நோயாளிக்கு இந்தச் சலுகையை வழங்கியிருக்கின்றன. அல்லாஹ் தந்த சலுகையை ஏற்பதும் வணக்கமே. அதில் வெட்கப்பட ஏதுமில்லை. உடல் அவன் தந்த அமானிதம். அதைப் பேணி நோன்பு நோற்கும் நற்பேற்றை அவன் நமக்கு அருள்வானாக! ஆமீன்.